கீறலும் மங்கலும்: வண்டியின் பெயிண்டை வீட்டிலேயே சரிசெய்வது

வண்டியில் ஒரு கோடு விழுந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, கடைக்குப் போய் ஒரு டியூப் ரப்பிங் கம்பவுண்டு வாங்கிவருவது. தேய்ப்பார்கள். போகாவிட்டால் இன்னும் கொஞ்சம் பிதுக்கி, இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். கோடு அங்கேயே இருக்கும். சுற்றிலும் கையகல இடம் மட்டும் வேறு மாதிரி மின்னும். கடைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, கோடு எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்று பார்த்திருந்தால் பணமும் மிச்சம், பெயிண்டும் மிச்சம்.

காரின் இரும்புத் தகட்டின் மேல் நான்கு பூச்சுகள் உண்டு. முதலாவது, முழு பாடியையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் துருத்தடுப்புப் பூச்சு. அதன் மேல் பிரைமர். பிறகு நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கையும் சேர்த்தாலும் பொதுவாக 100 முதல் 130 மைக்ரான்தான் வரும். ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். நிறம் சுமார் 15 மைக்ரான்தான்.

கம்பவுண்டு கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டம் வரை சீவி இறக்குகிறது. பள்ளத்தைத் தூர்ப்பதற்குப் பதில் மேட்டைக் குறைக்கிறது. ஒவ்வொரு பாலிஷும் அந்த நாற்பது மைக்ரானிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். வெயிலைத் தாங்குகிற சரக்கும் அந்த அடுக்கிலேயே கலந்திருக்கிறது. அதை அளவுக்கு மீறித் தேய்த்து எடுத்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில கோடைகள் கழித்து பானெட்டில் தோல் உரியத் தொடங்கும். ஆகவே எவ்வளவு குறைவாகச் செய்து தப்பிக்கலாம் என்று பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். மூன்றடி தள்ளி நின்றால் தெரியாத கோட்டை விட்டுவிடுவதில் ஒரு குறையும் இல்லை.

நகமும் தண்ணீரும்

அந்த இடத்தை ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைத்து, நிழலில் வைத்துப் பாருங்கள். கழுவாமல் பார்த்தால் அழுக்கும் கீறலாகத் தெரியும்.

இப்போது ஒரு சொட்டுத் தண்ணீரைக் கோட்டின் மேல் விடுங்கள். ஈரத்தில் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. அடுத்து, விரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்காமல் போனால் கையாலேயே சரிசெய்துவிடலாம். லேசாகத் தட்டினால் குறைக்கலாம், முழுதாக எடுக்க முடியாது. நகம் விழுந்து நின்றால் கம்பவுண்டு டியூபைத் தொடாதீர்கள்.

ஆழமான கோட்டுக்குள் தெரியும் நிறமும் சேதி சொல்லும். வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் பிரைமர். பளபளவென்று உலோகம் தெரிந்தால் தகடு. அங்கே அழகைவிடத் துருதான் அவசரம். பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது. உங்கள் கண் பொறுத்துக்கொள்ளும்வரை அப்படியே விட்டுவைக்கலாம்.

இன்னொன்று உண்டு. நெரிசலில் ஆட்டோ ஒன்று உரசிவிட்டுப் போயிருக்கும். உங்கள் வெள்ளைக் கதவில் மஞ்சளாகப் பட்டை விழுந்திருக்கும். பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த மஞ்சள் பெரும்பாலும் உங்கள் பெயிண்ட் போன இடம் இல்லை, அந்த ஆட்டோவின் பெயிண்ட் வந்து ஒட்டிய இடம். மண்ணெண்ணெய் நனைத்த மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். மிச்சத்துக்குக் கொஞ்சம் கம்பவுண்டு. முக்கால்வாசி வந்துவிடும். அடியில் ஒன்றிரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் எஞ்சும். வாசல் தூணிலும் அபார்ட்மெண்ட் பார்க்கிங் சுவரிலும் உரசிக்கொண்டு வரும் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் பட்டைகளும் இந்த வகைதான்.

இதற்குத் தின்னர் வேண்டாம். தொழிற்சாலை பெயிண்ட் சுமார் 140 டிகிரி சூட்டில் வேகவைக்கப்பட்டது. ஒரு துடைப்பைத் தாங்கிக்கொள்ளலாம். ஒர்க்‌ஷாப்பில் பின்னால் அடித்த பெயிண்ட் அந்தச் சூட்டைப் பார்த்ததே இல்லை. பழைய காரை வாங்கியவர்களுக்கு எந்தக் கதவு எப்போது பட்டி பார்க்கப்பட்டது என்று தெரியாது. தின்னர் பட்டால் நிறமே துணியோடு வந்துவிடலாம்.

ஒரே பக்கெட்

வெயிலில் கறுப்புக் காரின் மேல் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் கோடுகள் தெரிகிறதே, அவற்றை யாரும் சாவியால் கீறவில்லை. தினமும் துடைத்ததால் வந்தவை. அபார்ட்மெண்டில் காலையில் ஒருவர் ஒரே பக்கெட் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து வரிசையாக எல்லா வண்டிகளையும் துடைப்பார். நாலாவது காருக்கு வரும்போது பக்கெட்டின் அடியில் மணல் படிந்திருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதச் சம்பளத்துக்கு அவரிடம் நாம் கேட்டது வண்டி தினமும் ஈரமாகத் தெரிய வேண்டும் என்பதைத்தான். தினமும் வேண்டாம், வாரம் ஒரு முறை போதும், நம் துணியால், நம் பக்கெட்டில் என்று சொல்லிவிடுவது எந்தப் பாலிஷையும்விட நல்லது.

கழுவும்போது முதலில் மக் அல்லது குழாய்த் தண்ணீரால் புழுதி ஓடும்வரை ஊற்றுங்கள். ஒரு பக்கெட்டில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை வண்டியில் ஓட்டியதும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். கூரையிலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்கும் கதவடிக்கும் தனித் துணி. துவைக்கிற பவுடரும் பாத்திரம் கழுவும் சோப்பும் மெழுகை அடியோடு எடுத்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கிற பனியன் வேஸ்டைப் பெயிண்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதில் தையல் ஓரமும் சில சமயம் பட்டனும்கூட இருக்கும். மைக்ரோஃபைபர் துணி ஒன்றும் பெரிய விலை இல்லை. தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் திரும்பத் தொடவே கூடாது.

இந்த இடத்தில் கவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தெருவில் நிற்கும் வண்டிக்குக் கவர் போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். புழுதி படிந்த வண்டியின் மேல் கவரை இழுத்துப் போட்டு, அது காற்றில் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். கழுவிய வண்டிக்கு மட்டும், அதுவும் காற்று அடிக்காத இடத்தில் மட்டும் கவர் போடுங்கள்.

கையால் கம்பவுண்டு போடுவது

முதல்முறை செய்பவர்கள் கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழியில் ஆரம்பிக்கலாம். நகமும் மோதிரமும் வளையலும் பட்டுப்பட்டு அங்கே எல்லா வண்டியிலும் கோடுகள் இருக்கும். பெரும்பாலும் ஆழமற்றவை. தப்பாகப் போனாலும் யார் கண்ணிலும் படாது.

வண்டி நிழலில் இருக்க வேண்டும். தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் அல்லது சூரியன் இறங்கிய பிறகுதான். சுட்ட தகட்டில் கம்பவுண்டு உடனே காய்ந்து, வேலை செய்யாமல் அப்பிக்கொள்ளும்.

ஈரமான துணித்துண்டிலோ ஸ்பாஞ்சிலோ ஒரு பட்டாணி அளவு போதும். முதலில் நடுத்தரக் கம்பவுண்டு அல்லது 'ஸ்க்ராட்ச் ரிமூவர்' என்று விற்பது. டப்பாவில் வரும் கரடான கம்பவுண்டு டிங்கரிங் கடைக்கு உரியது, வீட்டுக்கு வேண்டாம். இரண்டு விரலின் அழுத்தத்தோடு, நீளவாக்கில் பத்துப் பதினைந்து முறை, பிறகு குறுக்குவாக்கில் அதே அளவு. வட்டமாகத் தேய்த்தால், தேய்த்த தடமே வெயிலில் வளையங்களாகத் தெரியும். கம்பவுண்டு மெல்லிய படலமாக மாறியதும் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கோடு பாதி குறைந்திருந்தால் இன்னொரு சுற்று. இரண்டு மூன்று சுற்றில் மாற்றமே இல்லை என்றால் நிறுத்துங்கள். நீங்கள் நினைத்ததைவிடக் கோடு ஆழம்.

நடுநடுவே துணியைப் பாருங்கள். உங்கள் வண்டியின் நிறம் துணியில் ஏறினால் இரண்டில் ஒன்று: கிளியர் கோட் தீர்ந்து நிறத்தைத் தொட்டுவிட்டீர்கள், அல்லது உங்கள் வண்டியில் கிளியர் கோட்டே கிடையாது. பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றிலும், எத்தனையோ லாரி, வேன்களிலும் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சுதான். அவற்றில் நிறம் துணியில் வருவது இயல்பு. சந்தேகம் இருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே கண்ணில் படாத மூலையில் ஒரு முறை தேய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் மென்மையான பாலிஷ் ஒரு சுற்று, அதன் மேல் மெழுகு. கார்னாபா மெழுகு நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதம்தான் நிற்கும். செயற்கை சீலன்ட் அதைவிட அதிக நாள் வரும். இரண்டில் எதைப் போட்டாலும் சரி. போடாமல் விட்டால்தான் தப்பு.

வாட்டர் பேப்பர் பற்றிக் கேட்பீர்கள். நகம் லேசாகத் தட்டுகிற கோட்டுக்கு 2000 அல்லது 3000 நம்பர் வாட்டர் பேப்பர் போடலாம்தான். ஷாம்பூ கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பள்ளிக்கூட அழிரப்பரில் சுற்றி, கோட்டின் மேல் மட்டும் எட்டுப் பத்து இழுப்பு. பால்போல் வெள்ளையாகத் தண்ணீர் ஓடும். அது கிளியர் கோட். தேய்த்த இடம் புகைபடிந்ததுபோல் மங்கிவிடும். கம்பவுண்டு போட்டால் திரும்ப மின்னும். ஆனால் கதவின் ஓரம், பானெட்டின் மடிப்புக்கோடு, வீல் ஆர்ச்சின் விளிம்பு ஆகியவற்றில் பூச்சு மிக மெல்லியது. அங்கே வாட்டர் பேப்பரைக் கொண்டுபோகாதீர்கள். கம்பவுண்டு போடுவதாக இருந்தாலும் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டிரில் மெஷினில் பஃப் மாட்டிச் செய்யும் வேலைக்கும் இதே எச்சரிக்கை இரண்டு மடங்கு பொருந்தும். ஒரே இடத்தில் சுழலும் பஃப் சில விநாடியில் சூடேறி, பிளாஸ்டிக் பம்பரின் பெயிண்டைப் பொரித்துவிடும்.

மங்கல் நாலு விதம்

மங்கிப்போன பெயிண்டுக்கு எல்லோரும் ஒரே மருந்தைத் தேடுகிறார்கள். காரணத்தைப் பொறுத்து மருந்து மாறும்.

போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட வண்டியில் வட்டவட்டமாக வெள்ளைத் திட்டு விழும். தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்து அது. வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து ஒன்றிரண்டு நிமிடம் அந்த இடத்தில் போட்டு வையுங்கள். துடைத்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். திட்டு போய்விட்டால் மேலே படிந்திருந்தது. வெள்ளை போன பிறகும் வட்டத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தால் பெயிண்டுக்குள் அரித்திருக்கிறது, அதற்குக் கம்பவுண்டுதான். இனிமேல் கழுவியதும் துடைத்துவிடுங்கள். காயவிடுவதுதான் குற்றம், தண்ணீர் அல்ல.

காக்கையின் எச்சம் இரண்டாவது. அதில் யூரிக் அமிலம் உண்டு. மத்தியானச் சூட்டில் பெயிண்ட் இளகியிருக்கும்போது அது உள்ளே இறங்கிவிடும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினாலோ வறட்டுத் துணியால் துடைத்தாலோ அதிலுள்ள துகளே கோடு போடும். ஈரத்துணியை மேலே போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுங்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாத ஒரே கறை இதுதான். தூங்குமூஞ்சி மரத்தடியிலும் புங்க மரத்தடியிலும் நிறுத்தினால் படிகிற பிசினுக்கு, கொரோனா காலத்தில் வாங்கி மூலையில் கிடக்கும் சானிடைசர் நன்றாக வேலை செய்யும். துணியில் நனைத்துத் துடைத்ததும் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய், அதன் பிறகு ஷாம்பூ.

மூன்றாவது, வெயிலில் வெளுத்துப்போவது. கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்டில் விரலைத் தேய்த்தால் சாக்பீஸ் தூள்போல் ஒட்டும். பார்க்கப் பரிதாபமாக இருந்தாலும் இதுதான் சுலபமாகத் தேறும் நோயாளி. மேலே செத்துப்போன படலத்தைக் கம்பவுண்டால் எடுத்தால் அடியில் நல்ல நிறம் கிடக்கும். சிவப்பு நிறத்தில் இந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டும். ரோஸ் நிறத்தில் நின்ற பானெட்டில் துணி போன வழியெல்லாம் பழைய சிவப்பு எழுந்து வரும்.

நாலாவதுக்கு வீட்டில் மருந்து இல்லை. கூரையிலும் பானெட்டிலும் வெள்ளைத் திட்டு விழுந்து, அதன் விளிம்பு நகத்தில் மாட்டி உரிந்து வந்தால், கிளியர் கோட் நிறத்தை விட்டுப் பிரிந்துவிட்டது. எந்தக் கம்பவுண்டும் அதை ஒட்டவைக்காது. தேய்க்கத் தேய்க்கத் திட்டு பெரிதாகும். அந்தப் பேனலுக்குப் புதுப் பெயிண்ட்தான். அதுவரை பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

டச்சப்: தகடு தெரிகிற இடத்துக்கு

சரளைக்கல் தெறித்துப் பொட்டு விழுந்த இடம், சாவியால் யாரோ இழுத்துவிட்ட கோடு ஆகியவற்றை அடைத்தே ஆக வேண்டும். கடற்கரை ஓரத்து ஊர்களில் அடுத்த வாரத்துக்கு ஒத்திப்போடக்கூட இடமில்லை. உப்புக்காற்றில் ஒரு பொட்டு சீக்கிரமே பழுப்பாகிவிடும்.

பெயிண்ட் வாங்கப் போகும்போது 'வெள்ளை' என்று கேட்காதீர்கள். ஒரே கம்பெனியிலேயே பல வெள்ளைகள் உண்டு. வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ ஸ்டிக்கரிலோ நிறத்தின் குறியீடு இருக்கும். டிரைவர் பக்கக் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ தேடுங்கள். அதைப் படம் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரிலோ பெயிண்ட் கலக்கும் கடையிலோ காட்டினால் சிறு பாட்டிலில் தருவார்கள். கிளியர் கோட்டும் ஒரு பாட்டில் சேர்த்து வாங்குங்கள்.

துரு இருந்தால் முதலில் அது போக வேண்டும். உப்புத்தாளைப் பென்சில் முனையில் சுற்றி, துரு இருக்கும் அளவுக்கு மட்டும் சுரண்டி, பளபளவென்று தகடு தெரியும்வரை எடுங்கள். துருவின் மேல் பெயிண்ட் பூசினால் அது உள்ளேயே பரவி ஒருநாள் கொப்புளமாக எழும். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்து, தகடு தெரிந்தால் ஒரு சொட்டு பிரைமர் வையுங்கள்.

பாட்டிலோடு வரும் பிரஷ் பெரும்பாலும் பருமனாக இருக்கும். பல் குத்தும் குச்சியின் நுனியோ, ஓவியர்கள் வைத்திருக்கும் பூஜ்ஜிய நம்பர் பிரஷ்ஷோ போதும். கோட்டுக்குள் மட்டும் பெயிண்ட் இறங்க வேண்டும்; வெளியே வழிந்தால் உடனே துடையுங்கள். ஒரே தடவையில் நிரப்ப ஆசைப்பட்டால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக நிற்கும். மெல்லிதாக ஒரு பூச்சு, அரை மணி நேரம் கழித்து இன்னொன்று. காயும்போது பெயிண்ட் அமுங்கும் என்பதால் மூன்று நாலு பூச்சு ஆகலாம். ஒருநாள் விட்டு கிளியர் கோட். மேடு தட்டினால் ஒரு வாரம் கழித்து 2000 நம்பர் பேப்பரால் சமன்செய்து கம்பவுண்டு போடலாம். மேடு பொறுக்குமென்றால் விட்டுவிடலாம்.

மெட்டாலிக் நிறம் சரியாகச் சேராது, அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பெயிண்டில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். ஸ்பிரே அடிக்கும்போது துகள்கள் படுத்துக்கொள்ளும். பிரஷ்ஷால் வைக்கும்போது தாறுமாறாக நிற்கும். அதனால் டச்சப் வைத்த இடம் ஒரு கோணத்தில் கறுத்துத் தெரியும். துரு வராது என்பதே அங்கே கிடைக்கும் லாபம்.

பைக்குக்குச் சில வார்த்தை

டேங்க்கில் விழும் கோடுகள் பெரும்பாலும் பெல்ட் பக்கிள், ஜிப், சாவிக்கொத்து ஆகியவற்றால் வருபவை. கார் பானெட்டுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும், இரண்டு விதிவிலக்கோடு. மேட் ஃபினிஷ் டேங்க்கில் கம்பவுண்டு, பாலிஷ், மெழுகு எதையும் தொடாதீர்கள். தேய்த்த இடம் மட்டும் மினுமினுத்துவிடும், அதைத் திரும்ப மங்கவைக்க வழியே இல்லை. அடுத்தது, டேங்க் மேலுள்ள ஸ்டிக்கரும் கோடுகளும். சென்னைத் தயாரிப்பான ராயல் என்ஃபீல்டின் சில மாடல்களில் அந்தத் தங்கக் கோடுகள் பிரஷ் பிடித்துக் கையால் இழுக்கப்பட்டவை. விரலால் தடவிப் பார்த்து, கோடு மேலெழும்பித் தட்டினால் அதன் மேல் டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்தைத் தேயுங்கள்.

பற்பசையும் தேங்காயெண்ணெயும்

பற்பசையில் மிக மெல்லிய தேய்ப்புத் துகள் உண்டு என்பதால் நகம் தடுக்காத கோட்டை அது கொஞ்சம் மங்கச்செய்யும். அதே விலைக்குப் பாலிஷ் கிடைக்கும்போது எதற்கு என்பதுதான் கேள்வி. தேங்காயெண்ணெய் கோட்டுக்குள் இறங்கி, தண்ணீர்ச் சோதனையில் பார்த்ததுபோலவே அதை மறைக்கும். அடுத்த முறை கழுவும்வரை. பழைய வண்டியை விற்பவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். நீங்கள் வாங்கப்போகிறவர் என்றால் ஷாம்பூ போட்டுக் கழுவச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன்

ஒரு பேனல் முழுக்க ஆழமாகக் கிழிந்திருந்தால் வீட்டு வேலை முடிந்தது. இன்ஷூரன்ஸில் போட்டுவிடலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். கணக்குப் போடுங்கள். கிளெய்ம் செய்யாத முதல் வருடத்துக்கு 20 சதவீதமும், ஐந்து வருடம் தொடர்ந்தால் 50 சதவீதமும் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கிறது. ஒரு கிளெய்ம் அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோய்விடும், தனியாக அதற்கென்று பாதுகாப்பு வாங்கியிருந்தால் ஒழிய. அதற்கு மேல் 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய் கட்டாயமாக உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். ஒற்றைக் கதவுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

ஒர்க்‌ஷாப்பில் விலை பேசும்போது எத்தனை பேனல் என்பதை மட்டும் கேட்காமல், ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியர் கோட் போடுகிறார்களா, மெட்டாலிக் என்றால் பக்கத்துப் பேனலில் நிறத்தைக் கரைத்துச் சேர்ப்பார்களா, சூட்டறையில் காயவைப்பார்களா என்று கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது ஷெட்டுக்குள் டியூப் லைட்டில் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். வெளியே வெயிலில் நிறுத்தச் சொல்லி, புதிய கதவையும் பழைய கதவையும் மூன்று கோணத்தில் பாருங்கள். கண்ணாடி ரப்பரின் ஓரத்தில் பெயிண்ட் தெறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் மற்ற இடத்திலும் கவனமாக வேலை செய்திருப்பார்கள். புதுப் பெயிண்டுக்கு ஒரு மாதத்துக்கு மெழுகோ கோட்டிங்கோ வேண்டாம். உள்ளிருக்கும் தின்னர் முழுக்க வெளியேற அவ்வளவு நாள் ஆகும். அதுவரை வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.